ஸ்டப்ஸ் கம்பெனியின் நடக்கும் சுவர்கள்

1976ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், எட்டடி உயரமும் இருபதடி நீளமும் கொண்ட ஒரு செங்கல் சுவர் தான் நின்ற இடத்தை விட்டுக் கிளம்பி, மூன்று தெரு தாண்டி, தன்னைக் கட்டிய கம்பெனியின் முற்றத்தில் வந்து நின்றது. அன்று முட்டை டஜன் எண்பது சென்ட் விற்றது. கம்பெனி முதலாளி வெர்டெல் ஸ்டப்ஸ் கறுப்பர், பெண், கையில் கரண்டி பிடித்த கொத்தனார். இந்த மூன்றில் எதை முதலில் மன்னிப்பது என்று ஊர் முழித்துக்கொண்டிருந்த காலம். அவர் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். இடது ஓரம் காலங்குலம் சாய்ந்திருந்தது. மேஸ்திரி லின்வுட் ஜீட்டர் வாயைத் திறப்பதற்குள் வெர்டெலே அந்த ஓரத்தைப் பிரித்துவிட்டார். மத்தியானத்துக்குள் சரியாகக் கட்டி முடித்ததும், பெண்கள் சேற்றைத் தாண்டும்போது பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்களே, அப்படி அடிவரியைத் தூக்கிக்கொண்டு சுவர் வந்த வழியே திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு ஸ்டப்ஸ் கம்பெனி கட்டிய சுவரில் எந்தக் குறை இருந்தாலும் விடிந்ததும் அது வீடு திரும்பிவிடும் என்பது ஊருக்குத் தெரிந்துபோனது. சிவப்பு விளக்கை மதிக்காமல் சாலையைக் கடந்ததற்காக ஒரு குளியலறைச் சுவருக்குப் போலீஸ்காரர் அபராதச் சீட்டுகூட ஒட்டினார். ஊரில் பெரிய ஒப்பந்ததாரரான கல்பெப்பருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. போகிற இடமெல்லாம், "அந்தம்மா கட்டுற செவுத்துக்கு நாய்ச் சங்கிலி போட்டாத்தான் நிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். வெர்டெலுக்கு வலித்தது. ஆனால் ஓடுகிற சுவருக்குச் சங்கிலி போடுகிற ஆள் அவர் இல்லை. கட்டுகிற கைக்குத்தான் பாடம் வேண்டும் என்று முற்றத்தையே பள்ளிக்கூடம் ஆக்கினார்.

அங்கே வந்தவர்களில் ஓட்டலில் தட்டுக் கழுவியவர்கள் உண்டு, பஞ்சாலை மூடியதில் தெருவுக்கு வந்தவர்கள் உண்டு, சிறையிலிருந்து நேராக வந்த இருவரும் உண்டு. சிமெண்ட் சேர்க்காத சுண்ணாம்பும் மணலும் கலந்த கலவைதான் பழகுகிறவர்களுக்கு. காலையில் கட்டுவார்கள், மாலையில் பிரிப்பார்கள், செங்கல்லைச் சுரண்டி அடுக்குவார்கள். நூறு சுவர் கட்டி நூறையும் பிரித்த பிறகுதான் நிஜச் சுவர். அந்த முதல் சுவரில் ஒரு செங்கல்லின் பின்பக்கம் தன் பெயரைச் செதுக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். வெளியே தெரியாது, வைத்தவருக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்தை வெர்டெல் கொண்டுவந்ததற்குக் காரணம் அவருடைய அப்பா ஓசெல் ஸ்டப்ஸ். 1938இல் நகர நீதிமன்றத்தின் தெற்குச் சுவரைக் கட்டியவர் அவர்தான். வாசலில் பதித்த கல்லில் இருந்ததோ கல்பெப்பருடைய தகப்பனாரின் பெயர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சபை முடிந்து வரும்போது ஓசெல் எதிர்ச்சாரியில் நின்று மகளிடம் காட்டுவார்: "அந்தா, தெக்குப் பக்கம் முழுக்க அப்பாதான்." அவ்வளவுதான் சொல்வார். அந்தச் சுவரைத் தவிர வேறு சொத்து எதையும் அவர் விட்டுப் போகவில்லை, அதுவும் அவர் பெயரில் இல்லை.

எட்டு வருடம் ஓடியது. கம்பெனியில் நாற்பத்தொரு பேர் ஆனார்கள். திரும்பி வரும் சுவர்கள் வருடத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு இல்லை. 1984இல் நகராட்சி முதன்முறையாக ஒரு முழுக் கட்டடத்தை, கிழக்கு வட்டார நூலகத்தை, அவர்களிடம் கொடுத்தது. பொறியாளர் ஹார்கிஸ் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு கொறை வந்தாப் போதும். இதுதான் உங்களுக்கு முதலும் கடைசியும்."

குறை வந்தது. சபையின் ஆண்டு விழா விருந்துக்குச் சோடா புட்டிகளையும் தர்ப்பூசணியையும் ஐஸில் போட்டு வைக்க, கம்பெனியிலிருந்து கலவைத் தொட்டியைத்தான் எப்போதும் எடுத்துப் போவார்கள். அந்த வருடம் நிஜக் கலவையின் சாம்பல் நிறத் தொட்டி விருந்துக்குப் போய்விட்டுப் பளபளவென்று கழுவப்பட்டு, பழகுகிறவர்களின் தொட்டி இருக்கும் இடத்துக்கு மாறி வந்தது. திங்கட்கிழமை எர்னஸ்டீன் பூன் அதில் பழகுகிற கலவையைப் போட்டுவிட்டார். பதினெட்டு வருடம் பள்ளிச் சமையலறையில் கரண்டி பிடித்துவிட்டு நாற்பத்து நான்கு வயதில் கொத்துக் கரண்டிக்கு மாறியவர். தொட்டியின் நிறத்தை நம்பி ஆட்கள் அதை எடுத்துப் போக, நூலகத்தின் வாசிப்பறைச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பில் எழும்பியது. திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்பு, காலை எட்டு மணிக்கு, மேயரும் ஹார்கிஸும் பார்வையிட்டுக்கொண்டிருக்கும்போதே, சுவர் அவர்களிடம் விடைபெறுவதுபோலச் சற்றுக் குனிந்துவிட்டுக் கிளம்பியது.

தகவல் கேட்டு லின்வுட் முற்றத்தின் கதவைச் சாத்தப் போனார். "கதவ மூடிருவோம் மிஸ் வெர்டெல். கல்பெப்பர் செவுருன்னு சொல்லிருவோம். செவுத்துல என்ன மூஞ்சியா ஒட்டியிருக்கு?"

"உள்ள வச்ச செங்கல்லுல பேரு இருக்கே, லின்வுட்" என்றார் வெர்டெல்.

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எதிரே போனார். பாதி வழியில் சுவரைச் சந்தித்து, அதற்கு முன்னால் மஞ்சள் கொடி பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடத்தி வந்தார். கல்பெப்பர் தன் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பின்னாலேயே காரில் ஊர்ந்து வந்த ஹார்கிஸிடம் வெர்டெல் சொன்னது இதுதான்: "எங்க செவுருதான் சார். எங்க தப்புதான். ஒம்பது நாள் குடுங்க."

எர்னஸ்டீன் கரண்டியைக் கழுவி மேசைமேல் வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நானே போயிர்றேன் மிஸ் வெர்டெல்."

"எங்க போற? இந்தத் தப்பு எப்படி வரும்னு முழுசாத் தெரிஞ்ச ஆளு ஊர்லயே நீ ஒருத்திதான். இனிமே கலவைக்கு நீதான் மேஸ்திரி. மொத வேலையா அந்தத் தர்ப்பூசணிக்கு வேற தொட்டி வாங்கு."

நாற்பத்தொரு பேரும் முறை வைத்துக் கட்டினார்கள். எட்டாம் நாளே சுவர் எழுந்து நூலகத்துக்குப் போனது. வழியெல்லாம் ஜனங்கள் கைதட்டினார்கள். திறப்பு விழாவில் ஹார்கிஸ் ரிப்பன் வெட்டிய கத்தரியோடு கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் இரண்டு பள்ளிகளின் வரைபடங்களை வெர்டெலின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் அக்டோபரில் கல்பெப்பர் கட்டிய ஒரு தபால் நிலையச் சுவர் ஸ்டப்ஸ் முற்றத்தில் வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. எங்கே போனால் சரி செய்வார்கள் என்று சுவர்களுக்குள் பேச்சுப் பரவியிருக்க வேண்டும். அடுத்து ஒரு மருத்துவமனையின் சமையலறைச் சுவர், பிறகு இரண்டு புகைபோக்கிகள், வெகுதூரத்திலிருந்து கால் வலிக்க வந்த ஒரு பள்ளிக் கழிப்பறை. திங்கட்கிழமைகளில் வரிசை தெருமுனை வரை நின்றது. எர்னஸ்டீன் சீட்டுக் கொடுத்து உள்ளே விட்டார். கல்பெப்பரே ஒருநாள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, தன் ஆட்கள் பன்னிரண்டு பேரைப் பழக்கித் தர முடியுமா என்று கேட்டார். நூறு சுவர் என்றால் நூறுதான், வெள்ளைக்காரருக்குத் தள்ளுபடி கிடையாது என்றார் வெர்டெல். 1991இல் கம்பெனியில் இருநூற்றாறு பேர் இருந்தார்கள்.

அந்த வருடம் மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த வெர்டெல் தொப்பியைக் கழற்றினார். நான்காவதாக நின்றது நீதிமன்றத்தின் தெற்குச் சுவர்.

இத்தனை வருடமும் அவர் மனசுக்குள் பயந்தது இதற்குத்தான். தன் தப்பை ஊரறியக் கொடி பிடித்து நடத்தி வந்தவருக்கு, அப்பாவின் தப்பைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. லின்வுட்தான் தூக்குக்குண்டு பிடித்தார். நூல் பிடித்தார். மூன்று நாள் வரிவரியாகத் தட்டிப் பார்த்தார்கள். நீதிமன்றம் தெற்கே தார்ப்பாய் கட்டிக்கொண்டு வழக்கு நடத்தியது. ஐம்பத்து மூன்று வருடத்தில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

"இதுக்கு என்னதான் வேணும்? சீக்கு இல்லாதவன் ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி நிக்குது" என்று சலித்துக்கொண்டார் லின்வுட்.

எர்னஸ்டீன் பின்பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். "எல்லாம் இருக்கு மிஸ் வெர்டெல். பேருதான் இல்ல."

வெர்டெல் அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, உளியை எடுத்தார். கண் உயரத்தில் ஒரு செங்கல்லைப் பிரித்து அதில் ஓசெல் ஸ்டப்ஸ், 1938 என்று செதுக்கினார். எல்லோரும் பெயரை உள்ளே வைப்பதுதான் வழக்கம். அவர் அதைத் தெருவைப் பார்த்து வைத்தார். கலவையை எர்னஸ்டீன் தன் கையால் கலந்தார், சாம்பல் நிறத் தொட்டியில்.

வெள்ளிக்கிழமை காலை சுவர் வீட்டுக்குக் கிளம்பியது. வெர்டெல் கொடி பிடிக்கவில்லை. சிறுமியாக அப்பாவோடு நடந்த மாதிரியே, சுவரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். எதிர்ச்சாரியில் நிற்காமல், தெருவைக் கடந்து நேரே வாசலுக்குப் போனார்கள். காவலர் வழக்கம்போலக் கார்களை நிறுத்தி வழி விட்டார். தார்ப்பாயை அவிழ்த்து மடித்தார்கள், நீதிமன்றம் ஒன்பது மணிக்குத் திறந்தது, வெர்டெல் முற்றத்துக்குத் திரும்பி அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.