புழு ஏறட்டும்

மூன்றாவது பெஞ்சில் ஸ்டெஃபி தன் புத்தகப் பையைத் தூக்கி இருவருக்கும் நடுவே வைத்த நாளைக் கலைமணி தேதியோடு நினைவில் வைத்திருந்தாள். அதற்கு முன்பு அந்தப் பை எப்போதும் காலடியில்தான் கிடக்கும். ப்ளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டு டப்பாவில் கைபோட்டவர்கள் அவர்கள். பை மேலே வந்ததற்கு ஸ்டெஃபி காரணம் எதுவும் சொல்லவில்லை. காரணத்தைப் பின் பெஞ்சிலிருந்து பூவரசன் சொன்னான்.

“ஏய் பட்டு, எப்ப கூடு கட்டப் போற? மூக்கப் புடிச்சிக்கிட்டே எத்தினி நாளு உக்கார்றது நாங்க?”

வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து கலைமணியின் பெயர் பட்டு. ஒருநாள் அந்த அழைப்பைக் கேட்டபடியே உள்ளே வந்த வகுப்பாசிரியை, “பட்டா? நல்லாருக்கே, யாரு வெச்ச பேரு?” என்று தானும் சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். அவரிடம் சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தை இரண்டு நாட்களாக மனத்துக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தாள் கலைமணி. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அதை எடுக்க முடியவில்லை.

தன் உடம்பின் வாசனை தனக்குத் தெரியவில்லை என்பதுதான் அவளை மிகவும் அச்சுறுத்தியது. பஸ்ஸில் யாராவது ஜன்னலைத் திறந்தால் தனக்காகத்தான் திறக்கிறார்கள் என்று தோன்றியது. சீருடையின் கையை மூக்கில் வைத்து இழுத்துப் பார்ப்பாள். சோப்பு வாசனை மட்டுமே வரும். பட்டுப்புழு ஷெட் அவர்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டி நின்றது. வீட்டுத் துணியெல்லாம் அதன் ஓரத்துக் கம்பியில்தான் காயும். விடியற்காலையில் ஒரு முறை புழுவுக்குத் தழை போட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்குக் கிளம்புவாள். மல்பெரித் தழையின் பச்சை வாடை, புழு எச்சத்தின் புளித்த வாடை, சுண்ணாம்புத் தூளின் நெடி என அங்கே எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். பிறந்ததிலிருந்து மூச்சோடு உள்ளே போன அதை, ஒரு நாற்றம் என்று தனியே பிரித்தறிய அவளுக்கு வழியில்லை.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். தோட்டத்தில் கிளை அறுத்துக்கொண்டிருந்த அப்பா மாதையனிடம், “ப்பா, பள்ளிக்கூடத்துல ஒண்ணு…” என்று தொடங்கியபோது, அவர் அரிவாளை நிறுத்தாமலே, “புழு ஏறட்டும் பாப்பா, அப்புறம் பேசிக்கலாம்” என்றார். நான்காவது தோலுரிப்பு முடிந்து புழுக்கள் பெருந்தீனி தின்னும் வாரம் அது. தின்று முடித்துக் கூடு கட்ட அவை வலையில் ஏறும்வரை அந்த வீட்டில் எதுவும் பேசப்படாது. பல்வலி, கல்யாணப் பத்திரிகை, சண்டை எல்லாமே புழு ஏறும்வரை காத்திருக்கும். அம்மா கோவிந்தம்மாள் அந்த நாட்களில் ஊதுவத்தி ஏற்றமாட்டாள், கருவாடு சுடமாட்டாள், கொசுவத்தியைத் தொடவே மாட்டாள். அந்நிய வாசனை பட்டால் புழு தலையைத் தூக்கிக்கொண்டு தீனியை மறந்துவிடும் என்பது அவர்கள் கைகண்ட உண்மை.

இதெல்லாம் தெரிந்தவள்தான் பஸ் ஸ்டாண்ட் ஃபேன்சி ஸ்டோரில் அந்தச் சின்ன பாடி ஸ்ப்ரேயை வாங்கினாள். தனக்குத்தானே கடுமையான விதிகளையும் வகுத்துக்கொண்டாள். பள்ளிக் கழிப்பறையில்தான் அடிப்பது; மாலையில் பள்ளிக் குழாயிலேயே கழுத்தையும் கையையும் தேய்த்துக் கழுவிவிடுவது; வீட்டுக்குப் போனதும் உடை மாற்றாமல் ஷெட் பக்கம் போவதில்லை. நான்கு நாட்கள் விதி மீறப்படவில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மதிய இடைவேளையில் ஸ்டெஃபி பையை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு கலைமணியின் டப்பாவை எட்டிப் பார்த்து, “புளிசாதமா? கொஞ்சம் குடு டீ, எங்கம்மா இன்னிக்கும் உப்புமாதான்” என்று கையை விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மாலை பஸ்ஸில் கலைமணிக்குத் தொண்டை வரை பேச்சு நிறைந்திருந்தது. முடிந்துபோன துன்பத்தைச் சொல்வது எளிது. அதை ஒரு வேடிக்கையாகவே அம்மாவிடம் சொல்லிவிடலாம். அம்மாவும் சிரிப்பாள். குழாயையும் மறந்தாள், உடையையும் மறந்தாள். ஷெட் வாசலில் பழக்கத்தால் கைகால் மட்டும் கழுவிக்கொண்டு, சீருடையோடு உள்ளே ஓடினாள்.

“ம்மா, ஒண்ணு சொல்லட்டா…”

“நில்லு டீ அங்கயே!” கோவிந்தம்மாள் தழைக் கட்டைக் கீழே போட்டாள். “என்னா வாசன இது? வெளிய போ மொதல்ல, போ!”

மறுநாள் காலை, வாசலை ஒட்டிய இரண்டு அடுக்குகளில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன. சில பச்சையாகக் கக்கியிருந்தன. போட்ட தழை போட்டபடி வாடிக் கிடந்தது. மாதையன் குனிந்து ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் நிமிரவில்லை.

“காளியப்பன் பூந்தோட்டத்துக்கு மருந்து அடிச்சானா?”

“அடிச்சாங்க போலக்குதுங்க” என்றாள் கோவிந்தம்மாள், கலைமணியின் பக்கம் திரும்பாமல். “நேத்து காத்து இந்தப் பக்கந்தான்.”

காளியப்பன் உண்மையாகவே மருந்து அடித்திருக்கவும் கூடும். அவருடைய சாமந்தித் தோட்டம் இரண்டு வரப்பு தள்ளித்தான் இருந்தது. மாதையன் அந்தத் திசையில் வேகமாக நடந்து போனதும் கோவிந்தம்மாள் மகளைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துவந்தாள்.

“உங்கப்பாகிட்ட பொய் சொல்லிட்டன். எங்கிட்ட நெசத்தச் சொல்லு. யாரு வாங்கிக் குடுத்தது?”

“நானேதான் வாங்குனன்.”

“எந்தப் பையன் டீ?”

“பையன்லாம் இல்லம்மா.”

“பையன் இல்லாத செண்டு எதுக்கு?”

கலைமணி தரையைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. உன் மேல் இருக்கும் வாடைதான் என் மேலும் இருக்கிறதாம், அம்மா. எதிரே அம்மாவின் கைகள் தெரிந்தன. தழைச்சாறு ஏறிக் கறுத்த நகங்கள். சுண்ணாம்பில் வெடித்த விரலிடுக்குகள். பூவரசன் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டால்கூட அம்மா உடனே நம்பிவிடுவாள், அதில் அடி மட்டும்தான் விழும் என்று ஒரு கணம் தோன்றியது.

“சொல்லமாட்ட. சரி. திங்கக்கெழமையிலருந்து பள்ளிக்கூடம் கெடயாது. தழ அறுக்க வா.”

“ம்மா!”

“பதில் சொல்லு. போலாம்.”

கோவிந்தம்மாள் கொடியில் கிடந்த சீருடையை உருவிக்கொண்டு துணிக்கல்லுக்குப் போனாள். கல்லில் துணி அறையும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஷெட்டின் உள்ளடுக்குகளில் இன்னும் தின்றுகொண்டிருந்த புழுக்களின் கரகரப்பு அதற்கிடையே வந்து போனது. அந்தப் புழுக்களும் தலையைத் தூக்கிவிடுமோ என்று கலைமணி சத்தத்தை எண்ணுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமைக்கு முன் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

கோவிந்தம்மாள் இரண்டாம் முறையாகச் சோப்புப் போட்டு அலசிய சட்டையைப் பிழிந்து, செண்டு போய்விட்டதா என்று அதன் கையை மூக்கில் வைத்து இழுத்தாள். செண்டு போயிருந்தது. இன்னொரு முறை இழுத்தாள். எதையோ தேடுபவள்போல அக்குளை, கழுத்துப்பட்டியை மோந்து பார்த்தாள். அப்புறம் சட்டையைக் கல்லின்மேல் மெதுவாக வைத்தாள்.

“ம்மா” என்றாள் கலைமணி நிலையிலிருந்து. “நாத்தம் அடிக்குதாம். கிளாஸ்ல சொல்றாங்க.”

கோவிந்தம்மாள் திரும்பவில்லை. தன் உள்ளங்கையை விரித்து முகத்தருகே கொண்டுபோனாள். அங்கேயே பிடித்திருந்தாள். சோப்பு நுரை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இறங்கி, ஒவ்வொரு சொட்டாகக் கல்லில் விழுந்துகொண்டிருந்தது.