நசுங்கின டப்பா

கெட்டிலைச் செருக வேறு இடம் அகப்படாததால், பைப்பு தன் அக்காவின் பிளக்கைப் பிடுங்கினான். கூடத்தில் கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் கிடந்தாள் அக்கா. பெட்டியின் உறுமல் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடி வியர்த்து முகம் மங்கிய பிறகுதான் அவள் கணவர் நிமிர்ந்தார்.

"எவன்டா புடுங்கினது?"

"நான்தான் மாமா. எல்லாருக்கும் டீ போடலாம்னு..."

"செத்தவளையாச்சும் கெடாம வைடா."

பைப்பு பிளக்கை மாற்றிச் செருகினான். கெட்டில் அடங்கியது, அக்கா உறுமினாள்.

ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் அவனுக்குக் கழுவுகிற வேலை. பீய்ச்சும் குழாயும் கையுமாகத் திரிவதால் அந்தப் பெயர். டப்பாவில் ஐஸ்கிரீம் நிரப்பும் இயந்திரத்தை மருந்து போட்டுக் கழுவி முடித்ததும், தரையிலிருக்கும் வடிகாலுக்குள் குழாயை விட்டு முழு வேகத்தில் அடிப்பான். தண்ணீர் கூரை வரை எழும்பி இயந்திரத்தின் மேல் தூறலாக இறங்கும். வேலை முடிந்ததற்கு அவன் வைக்கும் வாணவேடிக்கை. எல்லோரும் கைதட்டுவார்கள். லேப்பிலிருக்கும் பெண் மட்டும், "வடிகாலை முதல்ல, மெதுவா கழுவுங்கண்ணே. மெஷின் கடைசியா" என்பாள். அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தான்.

நசுங்கின டப்பாக்களை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். சிறுநீரகம் மாற்றிய அக்காவுக்கு வேறெதுவும் தொண்டையில் இறங்கவில்லை. நசுங்கினது கிடைக்காத நாளில் பைப்பு நல்ல டப்பாவையே முழங்கையால் நசுக்கினான். பல் கூசும் என்று அக்கா அதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குழைய வைத்துச் சாப்பிட்டாள். மற்ற கிருமிகள் சுருண்டு படுக்கும் குளிரில் அக்காவின் ரத்தத்திலிருந்த கிருமி மட்டும் பெருகும் என்று, காய்ச்சல் மூளைக்கு ஏறிய பிறகு டாக்டர் சொன்னார்.

"ஐஸ்கிரீமா டாக்டர்?" என்று கேட்டான்.

"பல காரணம் இருக்கலாம்."

மாமாவைக் கேட்டால், "விதி" என்றார். மாலையோடு வந்த மேனேஜரைக் கேட்டான்.

"டப்பாவ டெஸ்ட் பண்ணின ரிசல்ட் இன்னும் வரலப்பா. உடம்பு முன்னாடியே மோசம்தானே?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "டப்பா ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு சார். ஸ்பூன் தரவா?"

மேனேஜர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். கூட வந்த டீச்சர் போகவில்லை. பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவன் அருகில் வந்து நின்றாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர். அக்கா ரத்தத்துல இருந்ததும் டப்பாவுல இருந்ததும்..."

"ஒண்ணுதாண்ணே. காலையிலயே ரிசல்ட் வந்துடுச்சு."

"டப்பாவுக்கு எங்கிருந்து வந்துச்சாம்?"

"வடிகால்லேருந்து."

பைப்பு சிரிக்கப் பார்த்தான். "அவ்வளவு உயரம் எப்படி ஏறுச்சு? ஏணி போட்டா?"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க அடிச்ச தண்ணியில ஏறுச்சுண்ணே."

பைப்பு குழாயைத் திருகினான். தண்ணீர் நூலாகும்வரை குறைத்துவிட்டு, அடுத்த டம்ளரை எடுத்து அதன் கீழ் பிடித்தான்.