இடப்பக்கம் வந்த குழாய்

தொழிற்சாலை கேண்டீனில் இருபத்தாறு வருடம் முந்நூறு பேருக்குச் சமைத்துப் போட்டவன் நான். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையைக் கொண்டுபோய்விட்டது. கை இருக்கிறது, சொன்ன பேச்சைத்தான் கேட்பதில்லை. வீட்டு அடுப்படியில் ஒரு ஆள்தான் நிற்கலாம். நானும் என் கைத்தடியும் போனாலே இரண்டு ஆள். மனைவி வெளியே வந்து எனக்கு இடம் விடுவாள். நான் ஒரு வெங்காயத்தைப் பலகை முழுக்கத் துரத்திவிட்டு, கத்தியை வீசிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

தோட்டத்தில் ஒரு சமையலறை கட்டலாம் என்பது என் யோசனை. எலுமிச்சை மரத்தை ஒட்டி எட்டடி மேடை, இரட்டை அடுப்பு, குழாய், மேலே தகரக் கூரை. இடது கையால் கோணல்மாணலாகப் படம் போட்டு மச்சானிடம் கொடுத்தேன். மச்சான் என் மனைவியின் அண்ணன், கொத்தனார். அங்கேயும் முடியவில்லை என்றால் இனிக் கரண்டியைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"படமா இது? கோழி கிளறின மாதிரி இருக்கு மாப்ள."

"அளவெல்லாம் சரியா இருக்கு. நீங்க கட்டுற வேலையை மட்டும் பாருங்க மச்சான்."

பத்து நாள் என்னைத் தோட்டத்துப் பக்கமே விடவில்லை. ஈரத்தில் கால் வழுக்கும் என்று அண்ணனும் தங்கையும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

பதினோராம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். கோபம் தலைக்கேறியது. நான் வலப்பக்கம் குறித்திருந்த குழாய் இடப்பக்கம் இருந்தது. கரண்டி மாட்டும் கம்பியும் இடப்பக்கம். அடுப்பின் ஓரத்தில் எதற்கென்றே தெரியாத, கவட்டை மாதிரி ஒரு இரும்புக் கவை. போதாக்குறைக்கு, நறுக்குகிற பலகையில் இரண்டு ஆணிகள் நுனியை மேலே நீட்டிக்கொண்டு நின்றன.

"படத்தைக் கண்ணாடியில பார்த்தா கட்டினீங்க? இந்த ஆணியைக்கூடப் பிடுங்கத் தோணலையா?"

மச்சான் சாந்து பூசும் கரணையைக் கழுவிக்கொண்டே, "தப்புதான் மாப்ள, இடிச்சிடலாம். அதுக்கு முன்னாடி ஒரு ஆம்லெட் போட்டுக் குடுங்க, பசிக்குது" என்றார்.

வீம்புக்குத்தான் கைத்தடியைச் சாய்த்துவிட்டு நின்றேன். இடது கையை நீட்டியதும் குழாய் கையில் வந்தது. கழுவிய வெங்காயத்தை எங்கே வைப்பது என்று பார்த்தேன். சந்தேகத்தோடு அந்த ஆணிகளின் மேல் வைத்து அழுத்தினேன். அப்படியே நின்றது. நறுக்கினேன், நகரவில்லை. சட்டியின் பிடி கவைக்குள் போய் உட்கார்ந்தது; கிளறும்போது சட்டி சுற்றவில்லை. அப்போதுதான் புரிந்தது, அந்தப் படத்தை நான் வலது கை இருந்த பழைய ஆளுக்குப் போட்டிருக்கிறேன்.

"அண்ணன் முதல் ரெண்டு நாளும் எதுவுமே கட்டலங்க," என்றாள் மனைவி. "செங்கல்லை மேடை மாதிரி அடுக்கி வச்சிட்டு, 'என் வலது கையை இடுப்போட சேர்த்துத் துண்டால கட்டு'ன்னாரு. அப்படியே நின்னு நறுக்கிப் பார்த்து, முடியாதப்பல்லாம் செங்கல்லை மாத்தி மாத்தி வச்சாரு. மூணு வெங்காயம் மரத்தடிக்கு உருண்டு ஓடிடுச்சு."

என் கண் நிறைந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

"இங்கயும் முடியலன்னா சமையலையே விட்டுடலாம்னு இருந்தேன் மச்சான்," என்றேன். "ரொம்ப நன்றி." அவரைக் கிண்டல் செய்தே பழகிய வாய்க்கு அந்த வார்த்தை புதுசு.

அவர் ஆம்லெட் தட்டை வாங்கிக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார், என்னைப் பார்த்தார்.

"முந்நூறு பேருக்குச் சமைச்ச ஆளு, உப்புப் போட மறந்துட்டீங்க மாப்ள."

முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று தட்டை நீட்டினார். நான் அடுத்த முட்டையை எடுத்தேன்.