மாடிப்படி இல்லாத பள்ளிக்கூடம்

ஞானசுந்தரி டீச்சர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டதாக இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் தலைமையாசிரியர் நவநீதகிருஷ்ணன்.

"நம்ம பள்ளிக்கூடத்துக்கு மாடியே கிடையாதே சார்," என்றாள் ஞானசுந்தரி.

மனிதர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பாத்ரூம்னு போட்டுக்கிடுவோம்."

அதுவும் இல்லாத பள்ளிக்கூடம் அது. மாவுக்கட்டுப் போட்ட வலது கையை அவள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். 2005 ஆகஸ்ட். தாயில்பட்டிப் பக்கம் எல்லாப் பட்டாசுக் கம்பெனியிலும் தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும் மாதம். சுதந்திர தின நாடகத்துக்காக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அட்டையில் கிரீடம் செய்தாள் ஞானசுந்தரி. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற சில்வர் பெயிண்டை அதில் பூசச் சொன்னாள். சினேகா என்ற குட்டி பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு விரலாலேயே பூசித் தீர்த்தது. சாயங்காலம் பத்து விரலும் பளபளக்க வீட்டுக்குப் போனது.

வேறு ஊராக இருந்தால் பெயிண்ட் என்றுதான் நினைப்பார்கள். இந்த ஊரில் பிள்ளையின் விரல் வெள்ளியாக மின்னினால் அதற்குப் பெயர் பட்டாசு மருந்து. சினேகாவின் அப்பா, கம்பெனிகளில் லோடு ஏற்றிப் பிழைக்கும் கோட்டைச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. அவர் மனைவி வேலுத்தாயின் கைகள் மருந்து ரூமில் வெந்துபோய், இன்றைக்கும் விரல் மடங்குவதில்லை. மகளை அந்தப் பக்கம் அண்டவிடமாட்டேன் என்று சபதம் போட்டவர் அவர். டீச்சரின் அண்ணன் சங்கரலிங்கத்துக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி இருப்பதும் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகளை டீச்சர் அங்கே வேலைக்கு அனுப்புகிறாள் என்று அவராகவே முடிச்சுப் போட்டுக்கொண்டார். மகள் பெயிண்ட் என்று அழுதாள். அது டீச்சர் சொல்லிக்கொடுத்த பொய் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நேரே வகுப்புக்குள் வந்துவிட்டார். தடுக்க வாசலில் கேட் இல்லை. இன்னொரு ஆசிரியை பயிற்சிக்குப் போயிருந்தார், தலைமையாசிரியர் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தார். மேசைமேல் கரும்பலகையில் கோடு போடும் மர ஸ்கேல் கிடந்தது. அதை எடுத்து ஓங்கினார். தலைக்கு வந்த அடியை ஞானசுந்தரி கையால் தடுத்தாள், மணிக்கட்டு எலும்பு விட்டது. இரண்டாம் அடிக்கு அவர் மேசையில் கையை ஊன்றியபோது, அங்கே வைத்திருந்த, தடித்துப் பூசியதால் இன்னும் காயாத கிரீடத்தில் உள்ளங்கை பதிந்தது. எடுத்துப் பார்த்தார். வெள்ளி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தலைமையாசிரியருக்கு மாடிப்படி. அண்ணனுக்கு வேறு கணக்கு.

"ஒரு போன் போதும் தங்கச்சி. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கம்பெனி வாசலையும் அவன் மிதிக்க முடியாது."

"அவரு வேலையில கைய வச்சீகன்னா, நாளைக்கே சினேகா மருந்துல கைய வைப்பா. அதுக்கா அண்ணே நான் அடி வாங்குனேன்?"

சங்கரலிங்கம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. வகுப்பு வாசலில் நிழல் விழுந்தாலே பாடத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அவள் நிமிர்ந்து நின்ற இடம் அது. கை எப்படியும் கூடிவிடும், அந்த இடம் கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. அங்கேயே வந்து அடித்துவிட்டாரே என்ற கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தைப் போல, நடந்ததை நடந்தபடி எழுதினாள். கேட் இல்லாததையும், தனியாக விடப்பட்டதையும் சேர்த்தே எழுதினாள். ஒன்று போலீஸுக்கு, ஒன்று கல்வி அலுவலகத்துக்கு. நவநீதகிருஷ்ணனுக்கு வியர்த்தது.

கோட்டைச்சாமி மனைவியோடு பழம் வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்து காலில் விழப்போனார்.

"எந்திரிங்க. கேஸ் அதுபாட்டுக்கு நடக்கும், அதை நான் வாபஸ் வாங்கமாட்டேன்," என்றாள். "அடிச்சது புள்ளைக முன்னாடி. அங்கன வந்து, அதே புள்ளைக முன்னாடி தப்புன்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"உள்ள வரலாமா டீச்சர்?"

தாமதமாக வரும் பிள்ளைகள் கேட்கிற அதே கேள்வி. ஞானசுந்தரி திரும்பாமல், இடது கையால் போட்டுக்கொண்டிருந்த வகுத்தலை மீதி வரைக்கும் போட்டு முடித்தாள். அதுவரை கோட்டைச்சாமி வாசலிலேயே நின்றார். "வாங்க," என்ற பிறகுதான் காலை உள்ளே வைத்தார்.

"அன்னிக்கு டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம கை ஓங்கிட்டேன். தப்பு," என்றார். சினேகா தலையைத் தூக்கவில்லை.

கடைசி வரிசையில் பிரபாகரன் எழுந்தான். வீட்டுப்பாடம் எழுதாமல் வாரத்தில் இரண்டு நாளாவது அந்த ஸ்கேலிடம் மாட்டுகிறவன்.

"டீச்சர், நாங்க தப்பு செஞ்சா கைய நீட்டச் சொல்லி அடிப்பீகள்ல. அவரு நீட்ட வேண்டாமா?"

யாரும் சிரிக்கவில்லை. கோட்டைச்சாமி இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கை ரேகைக்குள் வெள்ளி இன்னும் மிச்சமிருந்தது.

ஞானசுந்தரி மேசையைப் பார்த்தாள். ஸ்கேல் அன்றைக்குக் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் கைக்கு எட்டும்படி அதை அங்கே வைத்தது யார்? பிள்ளைகளை அடிக்கத் தோதாக இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் அங்கே வைக்கிறாள். தன் எலும்பு விட்டபோது வந்த ஆத்திரத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது வெட்கமாக இருந்தது.

"கைய மடக்குங்க," என்றாள் அவரிடம். பிறகு ஸ்கேலை எடுத்துப் பிரபாகரனிடம் நீட்டினாள். "கரும்பலகை ஆணியில மாட்டு. இனிமே அது கோடு போட மட்டுந்தான்."

"எங்களுக்குமா டீச்சர்?"

"ஒங்களுக்குந்தான்."

டீச்சர் மனசு மாறுவதற்குள் பிரபாகரன் ஓடிப்போய் அதை ஆணியில் மாட்டினான்.