என் கையில் இருந்த பொத்தான்

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருடம் எலக்ட்ரீஷியன். ஒரு தடவைகூட ஷாக் அடி வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. பக்கவாதம் வந்து இடது பாதம் தொங்கிப்போன பிறகு, தினமும் அரை மணி நேரம் காலுக்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"என்னையே வயராக்கிட்டியேம்மா" என்றார் ஃபிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம். அன்றே அவளுக்குக் 'கரண்ட் ஆபீஸ்' என்று பெயரும் வைத்துவிட்டார். மரத்துப்போன காலில் கரண்ட் ஏறுவது அவருக்குத் தெரியவே இல்லை. "லைன்ல சப்ளை இல்லையே" என்று வேறு கிண்டல்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு ஒட்டும் பட்டைகள். அவற்றிலிருந்து இடுப்பில் மாட்டிய சின்னப் பெட்டிக்கு வயர். இடது குதிகால் எழும்போது பொத்தானை அழுத்தினால் பாதம் தூக்கும். பொத்தான் என் கையில். கல்யாணமானதிலிருந்து நான் சொல்லி எதையும் செய்யாத மனிதர், ஆறு வாரமாக நான் அழுத்தினால்தான் நடந்தார். கொஞ்சம் அனுபவித்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆறாம் வாரக் கடைசியில் பரிசோதனை. பாதம் தானாகக் கொஞ்சமாவது எழும்பினால் பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தாங்கி மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாங்கியோடு அவர் ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் அவரால் முடியாது. உட்காரவைத்து "தூக்குங்க" என்றால் கட்டைவிரல்கூட அசையாத நிலைமை.

அந்த நாளும் வந்தது. முதலில் பெட்டியோடு ஒரு சுற்று நடக்கச் சொன்னாள். பாதி வழியில் ஒரு பட்டை உரிந்து தொங்கியது.

"விடும்மா, வயர் வேலை என் வேலை" என்று நாற்காலியில் உட்கார்ந்து அவரே ஒட்டிக்கொண்டு எழுந்தார். நான் அழுத்தினேன், அவர் நடந்தார். பதினோரு அடி. பன்னிரண்டாவதில் பாதம் தரையில் உரசியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நேரத்துக்கு அழுத்தக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தார்.

"நான் சரியாத்தான் அழுத்தினேன். உங்க காலைக் கேளுங்க!"

கரண்ட் ஆபீஸ் எங்கள் சண்டையைக் கண்டுகொள்ளவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் விளக்கு எரியவில்லை.

"சார், இதை ஆஃப் பண்ணினீங்களா?"

"பின்னே? வயர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணாம இருப்பேனா? இருபத்தெட்டு வருஷப் பழக்கம்மா."

"சரி, திரும்ப எப்ப போட்டீங்க?"

அவர் கை இடுப்புப் பெட்டியின் சுவிட்சுக்குப் போனது. குனிந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலத் தன் பாதத்தைப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பதினோரு அடியும்..." என்று கையில் இருந்த பொத்தானைப் பார்த்தேன்.

"அவரோடதுதாம்மா" என்றாள். "பெட்டி இன்னும் கொஞ்ச நாள் வேணும். ஆனா பயிற்சி தொடரணும்னு எழுதிடறேன்."

அவர் சுவரில் சாய்ந்து அழுதார். நான் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினோரு அடிக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.