முன்கூட்டியே ஒரு ஸ்தோத்திரம்

"கணவர் கதிரவன் கண் விழித்துச் சுகம் பெற்றதற்காக, சகோதரி ஜான்சி ஸ்தோத்திர காணிக்கை" என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் வாசித்தபோது, நான் கடைசி வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். போன வாரம்தான் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்து, என் வீட்டுக்காரர் தலைமாட்டில் நின்று ஜெபித்துவிட்டுப் போனவர். வாசிக்கும்போதே அவர் குரல் தழுதழுத்தது. கோயில் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் காணிக்கை எதுவும் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரரும் கண் விழிக்கவில்லை.

தீபாவளி மழையில், செம்மங்குப்பத்துக் கம்பெனியில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது வழுக்கி விழுந்த மனுஷன். இப்போது கோயில் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரமே கட்டியாகிவிட்டது. அவருக்கு இன்னும் மூச்சு மட்டும்தான் சீராக வந்து போகிறது. நேற்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "இங்க வெச்சு இனிமே பெருசா செய்றதுக்கு எதுவும் இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதப் பத்தி யோசிங்க" என்றார். வீட்டுக்கு என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? சரி சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். இனி அவருக்காக ஜெபிக்க வேண்டாம், என் மனசு விட்டுப்போச்சு என்று ஐயரிடம் சொல்லத்தான் காலையில் கடலூருக்கு வந்தேன். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

பேர் வாசித்தால் எழுந்து நிற்க வேண்டும், சபை ஒரு சரணம் பாடும். அது எங்கள் வழக்கம். எழுந்தேன். பொய் என்று சொல்லத்தான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் ஆர்மோனியம் முந்திக்கொண்டது. பக்கத்தில் ராசம்மாள் அக்கா என் கையைப் பிடித்து அழுதபடியே பாடினாள். ஜன்னல்களில் டிசம்பர் வெயில் மஞ்சளாக நின்றது. கோபமும் வெட்கமுமாக நின்ற எனக்குக் கொஞ்ச நேரத்தில் என்னவோ ஆனது. இத்தனை பேரும் அவர் எழுந்துவிட்டதாக நம்பிப் பாடுகிறார்கள். அவர் பல் தேய்க்கிறார், டீயில் சர்க்கரை போதவில்லை என்று சிடுசிடுக்கிறார், கட்டிலடியில் செருப்பைத் தேடுகிறார். அந்தச் சரணம் முடியும்வரைக்கும் அந்தக் கோயிலுக்குள் என் வீட்டுக்காரர் பிழைத்திருந்தார். பாட்டு நின்றதும் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் கொளஞ்சியப்பன் அண்ணன் நின்றிருந்தார். கம்மாபுரத்துக்காரர், என் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்ட். திருதிருவென்று முழித்த முழியிலேயே புரிந்துவிட்டது.

"நீங்கதான் குடுத்தீங்களா?"

"ஆமா தங்கச்சி. நேத்து வந்து ஒங்க கோயில் உபதேசியார்கிட்ட குடுத்தேன். படிச்சாங்களா?"

"படிச்சாங்களாவா! நல்லானப்புறம் குடுக்குறதுண்ணே அது. அத்தன பேரும் எம் மூஞ்சியப் பாக்குறாங்க. அறிவு இருக்கா ஒங்களுக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "எங்க கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுவோம். கொறையெல்லாம் எழுதி சாமிகிட்ட மனு குடுக்குற மாதிரி. அதுக்கு மொதல்லயே பணத்தக் கட்டிடணும். சொகமானாதான் ஒங்க கோயில்ல காணிக்க வாங்குவாங்கன்னு கதிரு எப்பவோ சொன்னான். அதான் முழிச்சிட்டான்னே சொல்லிட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பஸ்ல ஏறுனதுமே டிக்கெட் வாங்குறோம்ல. ஊரு வந்தப்புறமா வாங்குறோம்?"

நன்றாகத் திட்டத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது, பின்னாலேயே அழுகையும்.

சிதம்பரம் பஸ்ஸில் அண்ணனே டிக்கெட் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் போய் நின்றுகொண்டார். ஜன்னலில் சாய்ந்ததும் கண் சொக்கியது. பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியவில்லை. திடீரென்று என் வீட்டுக்காரர் வாசனை. எத்தனை அலசினாலும் அவர் சட்டையைவிட்டுப் போகாத காரமான கம்பெனி நெடி. பக்கத்து சீட்டில், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க மாமா போயிருந்தீங்க?"

"தூங்கிட்டேன் புள்ள. ஊரு வந்தா எழுப்பு."

"எழுப்புறேன்" என்றேன்.

கண் திறந்தபோது பஸ் செம்மங்குப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டு காலி. நெடி மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

வார்டில் நர்ஸ் பிரிசில்லா அவருக்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "டாக்டர் கேட்டாரு அக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லிடட்டுமா?"

"இல்லம்மா. இன்னும் ஊரு வரல."

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் அவர் காதருகே குனிந்தேன். "மாமா, கோயில்ல எல்லாரும் ஒங்களுக்காகப் பாடிட்டாங்க. நானும் எழுந்து நின்னுட்டேன். என் மானத்த வாங்கிடாதீங்க."

முகத்தில் எந்த அசைவும் இல்லை. என் கையைப் பிரித்தால், வேர்வையில் ஊறிப்போன டிக்கெட் உள்ளேயே இருந்தது. அவருடைய திறந்த உள்ளங்கையில் அதை வைத்தேன். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது பறந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரம் மட்டும் படபடத்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.