சர்க்கரையே போடலீங்க

பங்காரம்மாவுக்குச் சில மாதங்களாகச் சுகர் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து அவிநாசியில் சம்பந்தி வீட்டு விருந்து. கேசரி வேண்டாமென்றதும் சம்பந்தி ரேணுகா மைசூர்பாகை நீட்டினாள்.

"சர்க்கரையே போடலீங்க அக்கா. கருப்பட்டிதானுங்க."

"கருப்பட்டியும் சுகரை ஏத்துமுங்க."

உடனே ராகி லட்டு வந்தது. அதில் நாட்டுச் சர்க்கரை. அதையும் மறுத்ததும் ரேணுகாவின் முகம் சுண்டிப்போனது. அடுத்து, தட்டு நிறையச் சோற்றோடு வந்தாள்.

"கைக்குத்தல் அரிசிங்க. எவ்வளவு வேணா சாப்பிடலாமுங்க."

பங்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, என்னையக் கொன்னுபோட்டுத்தான் உடுவீங்களா?" என்றபடி எழுந்து சமையலறைக்குள் போனாள். வேறு தட்டில் ஒரு கரண்டிச் சோறும், அதைவிட அதிகமாக அவரைக்காய்ப் பொரியலும், பச்சைப்பயறு கடைசலும் தானே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கேசரி தின்றுகொண்டிருந்த ரேணுகாவின் கணவர் அந்தத் தட்டையே பார்த்தார்.

"ரேணுகா, எனக்கும் அப்படியே போடு. எனக்கும் சுகர் இருக்குது."

"இத்தன நாளா ஏனுங்க சொல்லல?"

"சொன்னா கேசரி குடுப்பியா?"

ரேணுகா அவர் கையிலிருந்த கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.